கொப்: ஒரு மண்மேடும் ஒரு நகரமும்

திடல்களின் கதை – 9

கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1902 ஏப்ரல் 5 அன்று மரக் கேலரி பிளந்து 25 பேர் இறந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்தக் கேலரியை வடிவமைத்த பொறியாளர் ஆர்ச்சிபால்டு லீச் அன்று அங்கேதான் இருந்தார். தொழிற்சாலைக் கூடங்கள் கட்டித் தொழில் பழகியவர் அவர். கண்ணெதிரே நடந்த சாவுகள் அவரை விடவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஏறி நிற்கும் உயரமான படிகளுக்குக் கீழே வெற்றிடம் இருக்கக் கூடாது, கெட்டியான மண்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவரும் அவர் காலத்துக் கழகங்களும் வந்தார்கள். மண், சாம்பல், இடிபாட்டுக் கல் என்று கிடைத்ததையெல்லாம் கொட்டி மேடு எழுப்புவது, சரிவில் படி அமைப்பது, நெரிசலைத் தாங்க இடையிடையே இரும்புத் தடுப்புகளை ஊன்றுவது: பிரிட்டனின் கால்பந்து மைதானங்கள் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இந்த வழியில்தான் வளர்ந்தன.

அப்படி எழுந்த மேடுகளில் உலகம் அறிந்தது ஒன்று உண்டு. லிவர்பூல் நகரின் ஆன்ஃபீல்டு மைதானத்தில், ஒரு கோலுக்குப் பின்னால் இருக்கும் கொப். அதற்குக் கோபுரம் கிடையாது, சிற்ப வேலைப்பாடு கிடையாது. கட்டடக் கலையில் பரிசு வாங்கும் சங்கதி எதுவும் அதில் இல்லை. ஆனாலும் தங்கள் அஸ்தியை அங்கே கரைக்கச் சொல்லிவிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு திடல் மீது இத்தனை பாசம் வருவதற்குக் காரணம் அதன் தோற்றம் இல்லை என்பது என் துணிபு. அது மக்களை எப்படிச் சேர்த்து நிறுத்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொப்பின் நூற்றுச் சொச்சம் ஆண்டுக் கதை இதற்கு நல்ல சாட்சி.

வாடகைச் சண்டை

ஆன்ஃபீல்டு 1884-ல் திறந்தபோது அங்கே ஆடிய அணி எவர்டன். இடம் ஜான் ஹூல்டிங்கின் பிடியில் இருந்தது. அவர் பீர் ஆலை அதிபர், நகர அரசியலில் பெரிய கை, பின்னாளில் மேயராகவும் ஆனவர். அணி வளர வளர அவர் வாடகையை ஏற்றினார். மைதானத்தில் தின்பண்டமும் பானமும் விற்கும் உரிமையையும் தானே வைத்துக்கொள்ளப் பார்த்தார். கழகத்து உறுப்பினர்கள் ஒரு கட்டத்தில் கொதித்துப்போனார்கள். 1892-ல் ஸ்டான்லி பூங்காவைத் தாண்டி மறுபக்கம் குடிசன் பார்க் என்ற சொந்த மைதானத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஹூல்டிங்கிடம் மைதானம் மிஞ்சியது, ஆட அணி இல்லை. அதே ஆண்டு மார்ச் 15 அன்று அவர் புதிதாக ஓர் அணியைத் தொடங்கினார். லிவர்பூல் கால்பந்துக் கழகம் பிறந்த கதை இதுதான். ஊர் முதலில் அணியை உருவாக்கி, பிறகு அணிக்கு மைதானம் தேடுவது வழக்கம். இங்கே காலியாகக் கிடந்த மைதானம் தனக்கொரு அணியைத் தேடிக்கொண்டது.

1905-06 பருவத்தில் லிவர்பூல் இரண்டாம் முறையாக லீக் பட்டத்தை வென்றது. கூட்டம் பெருகியது, அதற்கு இடம் வேண்டும். லீச் வந்தார். ஒரு பக்கம் பிரதான கேலரியைப் புதிதாகக் கட்டினார். வால்டன் பிரெக் சாலையை ஒட்டிய முனையில் பெரிய மேடு ஒன்று எழுந்தது. அதன் மூலையில் ஒரு கொடிக்கம்பம் நட்டார்கள். அது சாதாரணக் கம்பம் இல்லை. தன் காலத்தில் உலகிலேயே பெரிதாக இருந்த ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலை மெர்சி ஆற்றங்கரையில் உடைத்தபோது கிடைத்த பாய்மரத்தின் மேல்துண்டு. குதிரைகளைப் பூட்டி மேட்டுத் தெருக்கள் வழியே இழுத்து வந்தார்கள். துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கொடிமரம் கிடைக்காது. இன்றும் அது கொப்பின் பக்கத்தில் நிற்கிறது.

நட்டாலில் ஒரு குன்று

மேட்டுக்குப் பெயர் வைத்தவர் லிவர்பூல் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ். ஸ்பியன் கொப் என்றே அழைப்போம் என்று அவர் எழுதினார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரைக் கேட்டு லங்காஷயர் வட்டாரமே அழுதிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் நட்டாலில், லேடிஸ்மித் நகருக்குப் போகும் வழியில் இருக்கும் குன்று ஸ்பியன் கொப். 1900 ஜனவரி 23 இரவு, மூடுபனியில், பிரிட்டிஷ் படை அதன் மேல் ஏறியது. பாறை நிலம், முழங்கால் ஆழத்துக்கு மேல் பதுங்குகுழி தோண்ட முடியவில்லை. காலையில் பனி விலகிய பிறகுதான் தாங்கள் குன்றின் சரியான விளிம்பில் இல்லை என்று தெரிந்தது. சுற்றியிருந்த உயரங்களிலிருந்து போயர்கள் மூன்று பக்கமும் சுட்டார்கள். அன்று மாலைக்குள் 240-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் அந்த ஒடுங்கிய பரப்பில் செத்துக் கிடந்தார்கள். அவர்களில் பலர் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். லிவர்பூலும் அன்று லங்காஷயரில்தான் இருந்தது.

அந்தக் குன்றடியில் நம்மவர்களும் இருந்தார்கள். மோகன்தாஸ் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் 300 பேர்தான் சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘துருரோ’ கப்பல் சென்னையிலிருந்துதான் கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதற்குப் பின் போனவர்களிலும் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியே சென்ற தமிழர்களும் தெலுங்கர்களும். ஸ்பியன் கொப்பில் அடிபட்டவர்களை டோலியில் வைத்துத் தோளில் சுமந்து, நாளுக்கு 20, 25 மைல்கூட நடந்தது இந்தப் படை. ஆன்ஃபீல்டின் மேடு தாங்கி நிற்கும் பெயருக்குள் லங்காஷயர் வீரர்களின் சாவு இருக்கிறது. அவர்களில் பிழைத்தவர்களைச் சுமந்த தோட்டக்கூலிகளின் உழைப்பும் இருக்கிறது. இதை நாம் சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

ஆர்சனல் அணியின் பழைய மேனர் திடலிலும், பின்னர் ஷெஃபீல்டு, பர்மிங்காம் என்று வேறு ஊர்களிலும் இதே பெயர் மேடுகளுக்கு வந்தது. இருந்தாலும் வெறுமனே கொப் என்று சொன்னால் எல்லோரும் நினைப்பது ஆன்ஃபீல்டைத்தான்.

கூரையின் கீழ்

1928-ல் மேட்டை உயர்த்தி, முழுவதையும் மூடிக் கூரை போட்டார்கள். அதன்பின் 28,000 பேர் வரை அதில் நின்றார்கள். ஒரே சரிவு, நடுவில் சுவரில்லை, மாடி பிரிவில்லை. மழைக்காகப் போட்ட கூரை, யாரும் திட்டமிடாத இன்னொரு வேலையையும் செய்தது. 28,000 தொண்டைகளிலிருந்து எழும் ஓசை மேலே போய்க் கரையாமல் கூரையில் மோதி ஆடுகளத்தின் மேல் திரும்பி விழுந்தது. கொப்பின் குரல் என்று பின்னாளில் உலகம் பேசிய குரலுக்கு அடிப்படை இந்தக் கூரையும் அந்தப் பிரிவில்லாத சரிவும்தான்.

அங்கே ஒரு பையன் எப்படி வளர்ந்தான் என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மேட்டின் மூலையில் சிறுவர்களுக்கென்று கம்பி அடைத்த தனி இடம் இருந்தது. டிக்கெட் மலிவு. உள்ளே அடிதடிக்குப் பஞ்சமில்லை. கம்பி மேல் ஏறி, உத்தரத்தைப் பிடித்துத் தொங்கி, பெரியவர்கள் நிற்கும் பக்கம் குதித்துவிடுவதுதான் அங்கிருந்த ஒவ்வொரு பையனின் லட்சியமும். பெரியவர்கள் பக்கம் வந்துவிட்டால் அவனுக்கென்று ஓர் இடம் மெல்ல அமையும். இன்ன தடுப்புக்கம்பிக்குப் பின்னால், இன்ன தூணுக்கு வலப்பக்கம். டிக்கெட்டில் எண் கிடையாது. வாராவாரம் அதே இடத்தில் அப்பா, மாமா, துறைமுகத்தில் கூட வேலை செய்பவர், பெயர் தெரியாத ஆனால் முகம் தெரிந்த பத்துப் பேர். பருவம் தொடங்கும்போது அவர்களில் ஒருவர் வரவில்லையென்றால், அவருக்கு என்ன ஆயிற்று என்று மற்றவர்கள் விசாரித்தார்கள்.

பந்து கோலை நெருங்கும்போது மேடே அசையும். தேர் வடம் பிடித்த கூட்டத்தில் சிக்கியவருக்குத் தெரியும், அங்கே கால் நம் சொல் கேட்காது. கொப்பிலும் அப்படித்தான். பத்துப் படி கீழே தள்ளப்பட்டு, அலை திரும்பும்போது பழைய இடத்துக்கே வந்து சேர்வார்கள். மயங்கியவர்களைத் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கி ஆம்புலன்ஸ் தொண்டர்களிடம் கொடுப்பார்கள். குளிர்கால இரவு ஆட்டங்களில் உடம்புச் சூட்டில் கூட்டத்தின் மேல் நீராவி எழும்.

சொர்க்கம் என்று சொல்லிவிட வேண்டாம். நெரிசலில் கழிப்பறைக்குப் போக வழியே இருக்காது. நின்ற இடத்திலேயே காரியத்தை முடித்தவர்கள் ஏராளம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அது சுலபமான இடம் இல்லை. கழகங்கள் ரசிகர்களின் பணத்தை வாங்கிக்கொண்டு, அவர்களுடைய அடிப்படை வசதியைப் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளாமல் விட்டன. மேடே ஒருமுறை எச்சரித்தது. 1987 கோடையில், கொப்புக்கு அடியில் ஓடிய பழைய விக்டோரியா காலத்துச் சாக்கடை இடிந்து பெரும் பள்ளம் விழுந்தது. அந்தப் பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டங்களைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

பாட்டும் கைத்தட்டலும்

1960-களில் கொப் பாடத் தொடங்கியது. பீட்டில்ஸ் கிளம்பிய ஊர் அல்லவா! ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் அந்த வாரத்தின் முதல் பத்துப் பாடல்களைப் போடுவார்கள். கூட்டமும் சேர்ந்து பாடும். 1963-ல் லிவர்பூல்காரர்களான ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் குழு, 1945-ல் வந்த ஓர் அமெரிக்க மேடை நாடகப் பாட்டான ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ பாட்டைப் பாடி முதலிடம் பிடித்தது. பட்டியலிலிருந்து அந்தப் பாட்டு இறங்கியது. கொப்பிலிருந்து இறங்கவே இல்லை. 1964 ஏப்ரல் 18 அன்று ஆர்சனலை 5-0 என்று வென்று லிவர்பூல் லீக் பட்டம் வாங்கிய நாளில், பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சிக்காகக் கேமரா ஆட்டத்தை விட்டுக் கூட்டத்தைப் படமெடுத்தது. ரசிகர் கூட்டமே தனியாகப் பார்க்கத்தக்கது என்பதை நாடு உணர்ந்தது அப்போதுதான்.

கொப்புக்கு ஒரு நாகரிகம் இருந்தது. எதிரணியின் கோல்கீப்பர் தங்கள் பக்கம் வரும்போது கைதட்டி வரவேற்பார்கள். 1969 ஏப்ரல் 28 அன்று லீட்ஸ் அணி ஆன்ஃபீல்டில் 0-0 என்று சமன் செய்து பட்டத்தை உறுதி செய்தது. லிவர்பூலுக்குப் போட்டியாக நின்று பட்டத்தைத் தட்டிச் சென்றவர்கள் அவர்கள். லீட்ஸ் ஆட்டக்காரர்கள் தயங்கித் தயங்கிக் கொப்பின் முன்னே போனபோது, மேடு முழுவதும் அவர்களைச் சாம்பியன்கள் என்று முழங்கி வாழ்த்தியது. தோற்ற நாளில் இப்படி நடந்துகொள்ளத் தெரிந்த கூட்டத்துக்குத் தன் இடத்தின் மேல் கர்வம் இருப்பது நியாயம்தான்.

அணியை 1959 முதல் 1974 வரை நடத்தி இந்த உறவை வளர்த்தவர் மேலாளர் பில் ஷாங்க்லி. சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். ரசிகர்களின் கடிதங்களுக்குத் தன் கையாலேயே தட்டச்சு செய்து பதில் எழுதியவர். 1981-ல் அவர் இறந்தபோது அஸ்தியை ஆன்ஃபீல்டில், கொப் பக்கத்து ஆடுகளத்தில்தான் சேர்த்தார்கள்.

1989 ஏப்ரல் 15

அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதின. ஹில்ஸ்பரோவிலும் ஸ்பியன் கொப் என்ற பெரிய மேடு உண்டு. அது ஃபாரஸ்ட் ரசிகர்களுக்குப் போனது. லிவர்பூல்காரர்களுக்கு எதிர்முனையான லெப்பிங்ஸ் லேன் பக்கம். அங்கே ஒரே சரிவு இல்லை. படிகளை இரும்புக் கம்பிகளால் கூண்டு கூண்டாகப் பிரித்திருந்தார்கள். ஆடுகளத்தின் பக்கமும் உயரமான வேலி. ரசிகர்களை அடைத்துவைக்க வேண்டியவர்களாகப் பார்த்த காலம் அது.

வெளியே சுழல்கதவுகளில் நெரிசல் முற்றியது. 2.52 மணிக்குக் காவல்துறை உத்தரவில் ஒரு பெரிய கதவு திறந்தது. உள்ளே வந்தவர்கள் எதிரே தெரிந்த சுரங்கப்பாதைக்குள் நுழைந்தார்கள். அது ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக்கூண்டுகளுக்குப் போகும் வழி. பக்கத்துக் கூண்டுகளில் இடம் இருந்தது. சுரங்கப்பாதையை யாரும் அடைக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் வேலியோடு நசுங்கினார்கள். 3.06-க்கு ஆட்டம் நின்றது. அன்றும் அதன் பின்னும் இறந்தவர்கள் 97 பேர். மிகச் சிறியவருக்கு வயது பத்து.

பழி ரசிகர்கள் மேல் விழுந்தது. குடிபோதை, ஒழுங்கின்மை என்று பொய்கள் அச்சேறின. நீதிபதி டெய்லர் அந்த ஆண்டே, முதன்மைக் காரணம் காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதுதான் என்று அறிக்கை கொடுத்தார். இருந்தும் முழு உண்மைக்காகக் குடும்பங்கள் 27 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2016 ஏப்ரலில் ஜூரி தீர்ப்பளித்தது: அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

சாவு நடந்தது ஷெஃபீல்டில். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை லிவர்பூல் மக்கள் கால்போன போக்கில் வந்து சேர்ந்த இடம் ஆன்ஃபீல்டு. கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கொப்பின் தடுப்புக்கம்பிகள் ஒவ்வொன்றிலும் துண்டுகளும் கடிதங்களும் கட்டினார்கள். இறந்தவர் வழக்கமாக நிற்கும் அதே கம்பியைத் தேடிப் போய்க் கட்டியவர்கள் பலர். கோலில் தொடங்கிய பூக்கள் நாளுக்கு நாள் பரவி, ஒரு வாரத்தில் ஆடுகளத்தின் நடுக்கோட்டைத் தொட்டன. அடுத்த சனிக்கிழமை, எவர்டன் ரசிகர்களும் லிவர்பூல் ரசிகர்களும் நீலத் துண்டையும் சிவப்புத் துண்டையும் மாற்றி மாற்றி முடிந்து, குடிசன் பார்க்கிலிருந்து ஸ்டான்லி பூங்கா வழியே ஆன்ஃபீல்டு வரை ஒரே சரமாக நீட்டினார்கள். வாடகைச் சண்டையில் பிரிந்த இரண்டு மைதானங்களும் அன்று ஒன்றாயின. மரணம் நேர்ந்த வீட்டுக்கு ஊர் கூடி வருமல்லவா? அந்த வாரம் லிவர்பூலுக்குத் துக்க வீடு கொப்தான்.

இடித்த பின்னும்

டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. முதல் இரண்டு டிவிஷன் மைதானங்களில் 1994 ஆகஸ்டுக்குள் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. கொப்பின் நாள்கள் எண்ணப்பட்டன.

1994 ஏப்ரல் 30 அன்று நார்விச்சுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். பழைய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஷாங்க்லியின் மனைவியும், அவருக்குப் பின் அணியை நடத்திய பாப் பைஸ்லியின் மனைவியும் ஆடுகளத்துக்கு வந்து கொப்பைப் பார்த்து நின்றார்கள். நார்விச்சின் ஜெரமி காஸ் அடித்த ஒரே கோலில் லிவர்பூல் தோற்றது. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஆட்டம் முடிந்து வெகுநேரம் கூட்டம் கலையவே இல்லை.

இடித்துவிட்டு எதைக் கட்டுவது என்பதில்தான் இந்தக் கதையின் மையம் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் பல கழகங்கள் பழைய படிகளை இடித்து, கீழ்த்தளம், மேல்தளம், நடுவில் கண்ணாடி அறைகள் என்று அடுக்கின. வருமானத்துக்கு அதுவே வழி. லிவர்பூல் கொப்பை ஒரே சரிவாகவே திரும்பக் கட்டியது. சுமார் 12,400 இருக்கைகள். கீழிருந்து மேல்வரை பிளவில்லாத ஒரே முகம். மேலே பழையபடி கூரை. பாதிக்கும் மேற்பட்ட இடம் போய்விட்டது, தடுப்புக்கம்பிகள் போய்விட்டன, எண் போட்ட நாற்காலி வந்துவிட்டது. ஆனாலும் வந்தவர்கள் அதைக் கொப் என்றே அழைத்தார்கள், அங்கிருந்தபடியே பாடினார்கள். வடிவம் காப்பாற்றப்பட்டதால் பழக்கமும் பிழைத்தது. கண்ணாடி அறைகளால் இரண்டாகப் பிளந்திருந்தால் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியிருக்கும்.

அடுத்த சோதனை பணத்தால் வந்தது. 2000-களில் ஸ்டான்லி பூங்காவில் புதிய மைதானம் கட்டி ஆன்ஃபீல்டைக் கைவிடும் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கடனிலும் தடுமாற்றத்திலும் மூழ்கின. 2010-ல் கழகம் கைமாறியது. 2012-ல், இருக்கும் இடத்திலேயே பெரிதாக்குவது என்று முடிவெடுத்தார்கள். 2016-ல் புதிய பிரதான கேலரி திறந்தது. ஆன்ஃபீல்டு சாலைப் பக்கக் கேலரியும் பின்னர் உயர்ந்து, இன்று 61,000 பேர் உட்காரலாம். இதற்கும் விலை இருந்தது. விரிவாக்கத்துக்காக வாங்கிய வீடுகள் பக்கத்துத் தெருக்களில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து பாழாயின. லோதேர் சாலையில் வரிசையாக வீடுகள் இடிபட்டன. மைதானத்தின் மேல் ஊருக்குள்ள பாசத்துக்காக வீட்டை இழந்தவர்களையும் வரலாறு கணக்கில் வைக்க வேண்டும்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2016 பிப்ரவரி 6 அன்று, 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து, சண்டர்லாந்து ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். நின்று பார்ப்பது பற்றிய விவாதம் இன்னும் நுட்பமானது. ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பலர் அதை நெடுங்காலம் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்புக்கு ஊர் மரியாதை கொடுத்தது. 2017-ல் ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி ரசிகர் சங்கம் எல்லோரையும் பேசவிட்டு வாக்கெடுப்பு நடத்தியது. ஒவ்வொரு வரிசைக்கும் கம்பி வைத்த, ஒருவர் மேல் ஒருவர் சரிய முடியாத இருக்கைகளுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. 2021-ல் அவை கொப்பில் வந்தன. நிற்பதே கொல்வதில்லை, அடைத்துவைப்பதும் அலட்சியமும்தான் கொன்றன என்பதை இத்தனை காலம் கழித்து ஊரே பேசி ஏற்றுக்கொண்டது.

ஐப்ராக்ஸ் விபத்தில் தொடங்கி இன்றுவரை மைதானம் கட்டுபவர்கள் படித்த பாடம் இதுதான்: கட்டடம் பத்திரமாக இருக்க வேண்டும், அதற்குள் கூட்டம் கூட்டமாகவே இருக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்பவர்களை நம்ப வேண்டியதில்லை. கொப் இரண்டையும் தருகிறது. அதற்கு 97 உயிர்களும் ஒரு நகரத்தின் பிடிவாதமும் தேவைப்பட்டன என்பதுதான் வேதனை. இனி எந்த ஊரிலும் ஒரு மைதானத்தை இடித்துக் கட்டும் முன், அங்கே எங்கே நிற்போம், யார் பக்கத்தில் நிற்போம் என்று தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது.

அடுத்த இதழில்: பூங்காவின் மறுபக்கம். மூலையில் தேவாலயம் ஒட்டி நிற்கும் குடிசன் பார்க்கை, 133 ஆண்டுகளுக்குப் பின் 2025-ல் எவர்டன் ஆண்கள் அணி விட்டுப் புறப்பட்ட கதை.